கடைவீதியும் பாதசாரிகளும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் வழக்கமாகப் பேசப்படும் விஷயங்கள் யாவை என்பதை நீங்கள் அறிவீர்கள். கல்வி நிதி, விவாகங்களில் வீண் செலவு, ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம், மகமைக் கணக்கு என்பனவே அவை. இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்டதோ ஒரு தெருவைப் புதிதாகத் தளமிடுவதும், அதில் நடப்போருக்கு வழி செய்து கொடுப்பதும் ஆகிய விஷயம். "தெருவுக்குத் தளம் போடுவதற்கும் குல முன்னேற்றத்திற்கும் என்ன சம்பந்தம்?" என்று காரியக் கமிட்டியிலேயே ஒரு பெரியவர் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லிவிட்டே மேற்செல்வோம்.

நம்மவரிற் பெரும்பாலோர் கடைவீதியால் வாழ்கிறவர்கள். பலசரக்கு, பாத்திரம், ஜவுளி, இரும்பு ஆகிய எந்த வியாபாரமாயினும், கடைக்கு வருகிறவன் முதலில் மிதிப்பது வீதியையே. வீதி கெட்டால் கடையும் கெடும். இஃது ஒரு சம்பந்தம். மற்றொன்று இதனினும் ஆழமானது. இன்னார் இத்தெருவில் நடக்கலாம், இன்னார் நடக்கலாகாது என்றிருந்த காலத்தின் கசப்பை நம் முன்னோர் நன்கு அறிவர். 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலைகளும் தெருக்களும் கிணறுகளும் சகல வகுப்பாருக்கும் உரியன என்பதை நிறைவேற்றி வைத்தார். அது நிறைவேறி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. சட்டத்தால் திறந்துவிட்ட அத்தெருக்களிற் பல இன்று கல்லாலும் கம்பத்தாலும் மோட்டார் வண்டிகளாலும் ஒரு சாராருக்கு மீண்டும் அடைபட்டுக் கிடக்கின்றன. அவர்கள் யாரெனில் முதியோர், கண் தெரியாதோர், சக்கர நாற்காலியில் செல்வோர், கைக்குழந்தையோடு வரும் பெண்கள். அவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

இனி, பொதுவாகப் பேசிக்கொண்டு போகாமல் ஒரு தெருவையே எடுத்துக்கொள்வோம். சென்னைத் தியாகராய நகரில் பனகல் பூங்காவிலிருந்து அண்ணாசாலை நோக்கிச் செல்லும் சர் தியாகராய சாலையை அறியாதவர் இங்கு இருக்கமாட்டார்கள். ஜனங்கள் அதைப் பாண்டி பஜார் என்றே சொல்வார்கள். அப்பெயர் வந்த விதத்தைப் பற்றிப் பலவாறு சொல்லுவார் உளர். ஆனால் அங்காடியின் சரியான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதே. நம் குலத்தில் தோன்றிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் அவர்களின் பெயரைத் தாங்கிய வீதி அது. ஆகவே அதைப் பற்றிப் பேச நமக்குச் சற்று அதிகமான உரிமை உண்டு. கடமையும் அவ்வளவே உண்டு.

அவ்விடம் முன்னாளில் நீண்ட ஏரி என்று வழங்கிய பெரிய நீர்நிலையைச் சார்ந்தது. 1920ஆம் ஆண்டுகளில் ஏரியைத் தூர்த்து நகரம் அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரை நகருக்கும் சாலைக்கும், அக்காலத்து முதன்மந்திரி பனகல் ராஜாவின் பெயரைப் பூங்காவுக்கும் வைத்தார்கள். (ஏரிக்கு ஞாபகசக்தி அதிகம் போலும். 2015, 2021ஆம் ஆண்டுகளின் மழையில் அந்நகரின் தெருக்களில் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வந்ததைப் பார்த்தோம்.) வீடுகளுக்கென்று அமைந்த நகரம் நாளடைவில் கடைகளின் நகரமாயிற்று. தீபாவளிக்கு முன் வாரத்தில் அங்கே போனவர்களுக்கு நெரிசல் இன்னதென்று நாம் வருணிக்க வேண்டுவதில்லை.

அவ்வீதி முன்னே எப்படியிருந்தது? கடைக்கும் சாலைக்கும் இடையே ஒடுங்கிய நடைபாதை. அதன்மேல் வரிசையாகச் சிறு வியாபாரிகள். அதையொட்டி நிறுத்திய கார்களும் ஸ்கூட்டர்களும். நடக்க வந்தவர் வேறு வழியின்றிச் சாலைக்குள் இறங்கி, முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டுக்கொண்டே நடக்கவேண்டும். 2013ஆம் ஆண்டில் நடைபாதை வியாபாரிகளை மாநகராட்சி கட்டிய ஒரு வளாகத்திற்கு மாற்றினார்கள். அதன் பின்னர், 2015இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ், சுமார் 40 கோடி ரூபாய் செலவில் வீதியைத் திருத்தி, 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திறந்து வைத்தார்கள். வண்டி ஓடும் பகுதியைச் சுருக்கி, இருபுறமும் நடைபாதையை அகலப்படுத்தினார்கள். ஏற்றத்தாழ்வின்றிக் கல் பதித்தார்கள். உட்கார இருக்கைகள் வைத்தார்கள். கண் தெரியாதவர் காலால் தடவி அறியும் ஓடுகளையும் வரிசையாகப் பதித்தார்கள்.

வேலை தொடங்குமுன் வியாபாரிகள் பலர் அஞ்சினார்கள். "கார் நிறுத்த இடமில்லையென்றால் வாடிக்கைக்காரர் வேறு இடத்திற்குப் போய்விடுவாரே" என்பது அவர்கள் பயம். இப்பயத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். வாடகையும் சம்பளமும் வட்டியும் கொடுக்கிறவனுக்கே அதன் கனம் தெரியும். ஆயினும் கணக்குப் பார்ப்பது நம் குலத் தொழிலாகையால், இதையும் கணக்காகவே பார்ப்போம். ஒரு கார் நிற்க ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். உங்கள் கடையின் முகப்பு ஐந்து மீட்டராயின் ஒரே கார் அதை முழுவதும் மறைத்துவிடும். அதில் வந்தவர் நாலு பேர். அவர்கள் உங்கள் கடைக்கே வந்தார்கள் என்பது என்ன நிச்சயம்? எதிர்க்கடையில் இரண்டு மணி நேரம் புடவை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் வாசலைக் கடந்து நடந்துபோகிற நூற்றுக்கணக்கான பேர், காரின் மறைவால் உங்கள் சரக்கைக் காணமாட்டார்கள். கடைக்கண்ணாடிக்குள் பொம்மைக்குச் சேலை கட்டி வைப்பது நடந்துபோகிறவன் பார்ப்பதற்காகவே. மோட்டாரில் பறக்கிறவன் அதை எங்கே பார்க்கிறான்? காருக்கு இடமே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தணிகாசலம் சாலையில் அடுக்குமாடிக் கார் நிறுத்தம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அங்கே விட்டுவிட்டு நாலு எட்டு நடக்கலாம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளில் வண்டி போகக் கூடாதென்று விலக்கிய பின்பும், அங்குள்ள கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டுதான் வருகிறது.

நிற்க. ஒரு வீதியைத் தளமிடுவதென்றால் தாரைக் காய்ச்சி ஊற்றிவிட்டுப் போவதென்று பலர் எண்ணுகிறார்கள். நம் ஊர்களில் நடந்துவந்த பெருங்கேடே இந்த எண்ணத்தால் விளைந்தது. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தளம் போட்டால், ஒரு தடவைக்கு நாலு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து தடவையில் இருபது சென்டிமீட்டர் ஆகிறது. அது ஒரு படிக்கட்டின் உயரம். சாலை உயர உயர, பழைய வீடுகள் பள்ளத்தில் ஆழ்கின்றன. மழைத்தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கூடத்திற்கு வருகிறது. சாலை உயர்ந்ததால் நடைபாதையை உயர்த்துகிறார்கள். நடைபாதை உயர்ந்ததால் கடைக்காரர் தண்ணீர் புகாதபடி வாசலில் ஒரு திண்டு கட்டுகிறார். திண்டைத் தாண்ட இரண்டு படி வைக்கிறார். அந்தப் படிகள் நடைபாதையில் நீண்டுவிடுகின்றன. பாட்டி ஒருத்தி படியில் இடறி விழுந்தால் குற்றம் யாருடையது? தாரின் மேல் தார் ஊற்றியபோதே அது தொடங்கிவிட்டது.

2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளராயிருந்த திரு. இறையன்பு அவர்கள், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுத்தளம் போடவேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். மில்லிங் என்று இத்துறையில் சொல்வது இதையே. உத்தரவு நல்லது. அதை நிறைவேற்றும் இயந்திரம் நம் தெருவுக்கு வருகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

இன்னொன்று. வீதிக்கு அடியிலும் ஒரு வீதி இருக்கிறது. குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மழைநீர் வடிகால், மின்சாரக் கேபிள், தொலைபேசிக் கம்பி இவையெல்லாம் அங்கே படுத்திருக்கின்றன. மேலே அழகாகக் கல் பதித்த மறுமாதமே குழாய் வெடித்தது என்று ஓர் இலாகா வந்து பெயர்க்கும். அதை மூடிய பிறகு கேபிள் போட வேறோர் இலாகா வரும். பெயர்த்த கல்லை மறுபடி வைப்பவன் முன்போல் வைப்பதில்லை. ஒரு கல் தூக்கியிருக்கும், ஒரு கல் ஆடும். ஆகையால் அடியிலுள்ளதை முதலில் முடித்து, பின்பு மேலே வரவேண்டும். வீடு கட்டுகிறவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுவானா?

நடைபாதையின் அளவுகளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைப்படி, நடப்பதற்கென்று தடையில்லாமல் விடவேண்டிய அகலம் குறைந்தது 1.8 மீட்டர். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் உரசாமல் போவதற்கு அவ்வளவு வேண்டும். கடைவீதியில் அதற்கு மேலும் வேண்டும், ஏனெனில் கடையைப் பார்த்து நிற்பவர்களும் அங்கே உண்டு. ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகலாகாது. முழங்கால் வலிக்காரர் இதை விளக்காமலே அறிவார். சாய்தளம் அமைத்தால், ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் இருக்கவேண்டும். அதாவது 15 சென்டிமீட்டர் உயரம் ஏற 180 சென்டிமீட்டர் நீளம். பல இடங்களில் ஒரு முழ நீளத்தில் சிமெண்டைக் குவித்துவிட்டு "சாய்தளம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினாலும் பின்புறமாகக் கவிழும்.

கண் தெரியாதவர்க்குரிய ஓடுகளைச் சொன்னோம். 1965ஆம் ஆண்டில் ஜப்பானியரான மியாகே செய்இச்சி என்பவர் அவற்றைக் கண்டுபிடித்தார். 1967 மார்ச்சில் ஒகாயாமா நகரத்தில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தார்கள். நீளக் கோடுகள் புடைத்திருந்தால் 'நேரே போ' என்று பொருள். வட்டப் புள்ளிகள் புடைத்திருந்தால் 'நில், கவனி' என்று பொருள். காலுக்கென்று ஏற்பட்ட எழுத்து இது. இந்த எழுத்தைப் பிழையாக எழுதினால் படிக்கிறவருக்கு உயிராபத்து. கோட்டு ஓடுகள் நேரே சென்று ஒரு மின்சாரப் பெட்டியில் முட்டி முடிவதையும், மரத்தைச் சுற்றாமல் மரத்திற்குள்ளேயே புகுந்துவிடுவதையும் பல ஊர்களில் பார்க்கிறோம். பதித்தவன் கணக்கில் இத்தனை சதுர மீட்டர் ஓடு என்று எழுதியிருக்கும். நம்பி நடந்தவருக்கோ நெற்றியில் காயம். இதைவிட ஓடே பதியாமலிருப்பது மேல்.

நடைபாதையில் ஸ்கூட்டர் ஏறாதபடி குட்டைத் தூண்கள் நடுகிறார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. தூண்களை நெருக்கி நட்டால் சக்கர நாற்காலி நுழையாது. ஒரு மீட்டர் அளவில் இடைவெளி விட்டால் ஸ்கூட்டரும் நுழையும். எவ்வளவு சாமர்த்தியமான எஞ்சினியரும் கல்லைக் கொண்டு மட்டும் இதைத் தீர்க்க முடியாது. நாற்காலிக்கு இடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டர்க்காரரைப் போலீசாரும் கடைக்காரரும் தடுப்பதே வழி. பாண்டி பஜாரைப் போன்று செலவு செய்து திருத்திய வீதியுங்கூட, தினந்தோறும் கவனிப்பார் இல்லையேல் சில வருஷங்களில் பழைய நிலைக்குத் திரும்பும்.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைத்து, சுமார் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை ஒன்றைத் திறந்தார்கள். ரயிலிறங்கி பஸ் ஏறுவோருக்கு அது பெரிய உபகாரம். அதைக் குறை கூறோம். ஆயினும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். நடப்பவனை மேலே ஏற்றி அனுப்பிவிட்டு, நிலத்தை முழுவதும் வண்டிக்குப் பட்டா எழுதிக் கொடுப்பது கொள்கையாகிவிடலாகாது. கறிவேப்பிலை வாங்க எதிர்ப்புறம் போகிறவள் வானத்தில் ஏறி இறங்கவா முடியும்? கடை தரையில் இருக்கிறது. வழியும் தரையில் இருக்கவேண்டும். சென்னை மாநகராட்சியே 2014ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட கொள்கையில், போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு 60 பங்காவது நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் செலவிடவேண்டும் என்று கண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொது இடங்கள் அவர்கள் அணுகத்தக்கனவாக இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. 2011ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இந்நாட்டில் அவர்கள் தொகை 2 கோடியே 68 லட்சம். முதுமையால் கால் தளர்ந்தவர்களிற் பலர் அக்கணக்கில் வரமாட்டார்கள். அவர்களையும் சேர்த்தால், நம் வீட்டுக்கு ஒருவராவது தேறுவார்.

இனி நம்மவர்க்கே சொல்லவேண்டியது. நடைபாதை கடையின் திண்ணை அன்று. கடைப்பெயர்ப் பலகையும், தள்ளுபடிச் சரக்குத் தொட்டியும், ஜெனரேட்டரும், கடைச் சிப்பந்திகளின் இருபது ஸ்கூட்டர்களும் அதில் நிற்க உரிமையில்லை. "அடுத்த கடைக்காரர் வைத்திருக்கிறாரே, நான் மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டால் என் சரக்கு தெரியாதே" என்பார்கள். உண்மை. ஒருவர் தனியே செய்தால் அவருக்கு நஷ்டம். வீதி முழுவதும் ஒரே நாளில் செய்தால் எவருக்கும் நஷ்டமில்லை. சங்கம் என்று ஒன்று இருப்பது இத்தகைய காரியத்திற்கே.

சிறு வியாபாரிகளைப் பற்றி நம்மில் சிலர் கடுமையாகப் பேசுகிறார்கள். "நடைபாதையை அகலப்படுத்தினால் கூடைக்காரர்கள் வந்து நிரப்பிவிடுவார்கள், ஆகவே அகலமே வேண்டாம்" என்பது அவர்கள் வாதம். இதை நாம் ஒப்போம். தலைச்சுமையாகச் சரக்கேற்றி ஊர் ஊராய் விற்று, சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, அதிலிருந்து கடை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்? 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களைக் கணக்கெடுத்து, நகர விற்பனைக் குழு அமைத்து, இடம் வரையறுக்கச் சொல்கிறது. நடக்கும் வழி 1.8 மீட்டரை முதலில் கோடு போட்டு ஒதுக்கிவிட்டு, எஞ்சிய அகலத்தில் அவர்களுக்கு இடம் கொடுப்பதே முறை. அவர்களை அடியோடு துரத்தின வீதியில் ஜனங்களும் குறைவர் என்பதை வியாபாரம் தெரிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

சௌந்தரபாண்டியனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் 1893இல் பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மகாநாட்டிற்குத் தலைமை வகித்தவர். அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த காலத்தில், ஆதிதிராவிடரை பஸ்ஸில் ஏற்ற மறுத்துவந்தார்கள். அங்ஙனம் மறுக்கும் பஸ் முதலாளிகளின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். கவனியுங்கள்: மனம் மாறும்வரை அவர் காத்திருக்கவில்லை. பஸ் ஓடும் சாலை பொதுப்பணத்தால் ஆனது. ஆகவே அதில் ஓடும் வண்டி பொதுஜனங்களை ஏற்றத்தான் வேண்டும் என்ற முறையை லைசென்ஸ் மூலமாகவே நிலைநாட்டினார். அவர் பெயரால் வழங்கும் அங்காடியில் ஒரு கிழவி ஓரக்கல் ஏற முடியாமல் திரும்பிப் போனால், பெயர்ப்பலகையைப் பார்த்து நாம் எப்படிப் பெருமைப்படுவது?

விருதுநகர், சிவகாசி, தூத்துக்குடி, மதுரை ஆகிய ஊர்களிலிருந்து வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடைவீதியில் என்றேனும் தளவேலை வரும். வேலை தொடங்கிய பிறகு கூச்சலிடுவதால் பயனில்லை. டெண்டர் விடுவதற்கு முன்பே நகராட்சி எஞ்சினியரைக் கண்டு, வரைபடத்தைக் காட்டும்படி கேளுங்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுப்பது மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா, முடிந்த சாலையின் மட்டம் கடைகளின் தரைமட்டத்திற்கு எவ்வளவு கீழே நிற்கும், குழாய் கேபிள் வேலைகள் முன்னதாக முடியுமா, ஒவ்வொரு குறுக்குத் தெருவின் முனையிலும் சாய்தளம் காட்டியிருக்கிறதா என்று வினவி, விடையை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வீதியில் சக்கர நாற்காலியில் வருகிறவர் ஒருவரையும், கண் தெரியாதவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போய், அவர்கள் வாயாலேயே எஞ்சினியரிடம் சொல்லச் செய்யுங்கள். அதற்கு முன்னதாக, இந்த மாதத்திற்குள், அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு அவரவர் கடைக்கு முன்னாலுள்ள நடைபாதையில் தடையின்றிக் கிடக்கும் அகலத்தை அளந்து, ஒரு கார்டில் எழுதிச் சங்கக் காரியதரிசிக்கு அனுப்புங்கள். ஊர்வாரியாக அவற்றைத் தொகுத்து அடுத்த கூட்டத்தில் படிப்பதாகக் காரியதரிசி அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.